ஹமீசியின் அம்மாவுக்குச் சட்டம் போட்ட கதை

போன மழைக்கு எங்கள் ஊர் ஆறான கங்கை ஏறி வடிந்த மறுநாள் காலையில் நிலந்தி போன் பண்ணினாள். நிலந்தி என் பழைய முதலாளியின் மகள். இரத்தினபுரி பஸாரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். நான் அந்தக் கடையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை செய்துவிட்டு, முட்டி வலி தாங்காமல் வீட்டில் உட்கார்ந்தவள்.

"செல்வி அக்கே, ஒருத்தங்க கையால வரஞ்ச படம் ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க. முழுக்கச் சேறு. மொதல்ல என்ன செய்யணும்?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"மொதல்ல ஒண்ணும் செய்யாத."

"ஒண்ணும் செய்யாம எப்படி அக்கே? அவங்க முன்னால நிக்கிறாங்க."

"நிக்கட்டும். கையப் பின்னால கட்டிக்கிட்டு அஞ்சு நிமிஷம் படத்தப் பாரு. எந்தப் பெயிண்டால வரஞ்சதுன்னு கேளு. அது தெரியாம ஈரப் பஞ்சக் கூடக் கிட்டக் கொண்டு போகாத."

அவள் சிரித்தாள். "இத நீங்க எழுதிக் குடுங்க. கடைச் செவத்துல ஒட்டி வைக்கிறேன்."

நாலு வரி எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரியில் அது நிற்கவில்லை.

நான் பிறந்தது கொடகவெலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வேலையாட்களின் வரிசை வீட்டில். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். எனக்கு விடியற்காலையில் எழும்பி மரத்துக்குப் போக இஷ்டமில்லை. பரீட்சையில் கணக்கைத் தவிர எல்லாம் பாஸ். அந்தக் கணக்கு இல்லாததால் எந்த ஆபீஸிலும் எடுக்கவில்லை. பஸாரில் துணிக்கடையில் நின்ற எங்கள் தோட்டத்து அக்கா ஒருத்தி, "பக்கத்துல கண்ணாடி தொடைக்க ஆள் தேடுறாங்க, வர்றியா?" என்று கேட்டாள். அப்படிப் போனவள்தான்.

முதல் வருஷம் கண்ணாடி துடைத்தேன். இரண்டாம் வருஷமும் கண்ணாடிதான். அப்புறம் சட்டம் செய்கிற பீடிங் கட்டையை நாற்பத்தைந்து டிகிரியில் அறுக்கப் பழகினேன். நாலு மூலையும் மயிரிழை போகாமல் சேர வேண்டும். கணக்கில் பெயிலான எனக்கு அந்த நாற்பத்தைந்து மட்டும் கையிலேயே ஏறிவிட்டது. ஐந்தாம் வருஷம் கண்ணாடி வெட்டக் கொடுத்தார் முதலாளி. கட்டர் ஓடும்போது பட்டுத் துணி கிழிகிற மாதிரி ஒரே சத்தமாக வரவேண்டும். விட்டு விட்டு வந்தால் அந்தக் கண்ணாடி கோணலாக உடையும். அதைக் காதால் பழகிக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

முதலாளியின் பெயர் குணதாச. ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஒரு பென்சில். குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. யாராவது ஒரு படத்தை மேசையில் வைத்தால் அளவு நாடாவை எடுக்கமாட்டார். "இது யாரு?" என்று கேட்பார். கேட்டு, அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் அளப்பார். செத்துப்போன மாமியாரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனவர்கள் உண்டு.

சட்டம் அடிக்க வேண்டுமென்றால் படத்தை முகம் குப்புறக் கவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கவிழ்க்கும்போது மெதுவாக "சமாவென்ன" என்பார். மன்னிக்கச் சொல்லிக் கேட்பது. கல்யாண ஜோடிக்கும் சொல்வார், பள்ளிக்கூடத்து கிரிக்கெட் டீமுக்கும் சொல்வார். முருகன் படம் வந்தால் மட்டும் தமிழில் "மன்னிச்சிருங்க சாமி" என்பார். அந்தத் தமிழ் நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. வருகிற ஒவ்வொரு படத்துக்கும் அதில் நாலு வரி எழுதுவார்: யார் படம், யார் கொண்டு வந்தது, தாள் என்ன, பெயிண்ட் என்ன, எங்கே கிழிசல், எங்கே கறை. பேனாவால் எழுதமாட்டார், ஈரம் பட்டால் கரையும் என்று பென்சிலால்தான் எழுதுவார். "செல்வி, படத்துல கை வைக்க முந்தி கொப்பியப் பாரு" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் நான் அதைப் பார்க்காமல் கை வைத்தேன்.

இருபது வருஷத்துக்கு முந்திய கதை அது. ஆளாளுக்கு கேமரா போன் வராத காலம். எங்கள் பஸாரில் மாணிக்கக் கல் வாங்கவும் விற்கவும் எல்லா நாட்டு ஆட்களும் வருவார்கள். கல்லுக்காக இங்கேயிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனவர்களும் நிறைய. அப்படிப் போன ஒருவரோடு கூட்டு வியாபாரம் செய்ய தன்சானியாவிலிருந்து ஹமீசி என்ற மனிதர் வந்து, எங்கள் கடைக்கு எதிர்ப்பக்கம் மாடியறையில் தங்கினார். ஐம்பதை நெருங்கும் வயது. நல்ல உயரம். தெருவில் அவர் நடந்தால் சின்னப் பிள்ளைகளிலிருந்து பெரியவர்கள் வரைக்கும் திரும்பிப் பார்ப்பார்கள். சிலர் காதில் விழும்படியே ஏதாவது சொல்வார்கள். அவர் ஆறே மாதத்தில் பஸார் சிங்களம் பழகிவிட்டார், அதனால் அவர்கள் சொன்னது அவருக்குப் புரியும். புரிந்தும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போவார்.

அவர் முதல் நாள் எங்கள் கடைக்கு வந்து கேட்டது ஹார்ட்போர்ட் துண்டு. படத்துக்குப் பின்னால் அடிக்கிற பலகையில் வெட்டி மிஞ்சியது.

"எதுக்கு?" என்று முதலாளி கேட்டார்.

"படம் வரையணும்."

"இது யாரு?" என்று கேட்கிற அதே குரலில் முதலாளி, "யார வரையப் போறீங்க?" என்றார்.

ஹமீசி ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் சின்னப் பிள்ளையா இருந்த ஊர. அந்த ஊரு இப்ப இல்ல. சனங்கள எல்லாம் பெரிய ரோட்டுப் பக்கம் கொண்டு போய் வச்சுட்டாங்க. இப்ப அங்க காடுதான் இருக்கு."

முதலாளி துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தார். வரைந்ததும் கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

இப்படித்தான் மாதம் இரண்டு மாதத்துக்கு ஒரு படம் எங்கள் மேசைக்கு வந்தது. எனாமல் பெயிண்டால், போர்டு எழுதுகிறவர்களிடம் மிச்சம் வாங்கி வரைந்திருப்பார். ஒரு படத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் ஒரே உரலில் இரண்டு உலக்கை போட்டு மாற்றி மாற்றிக் குத்தினார்கள். ஒரு உலக்கை மேலே, ஒன்று கீழே. இன்னொன்றில் ஒரு ஆள் சைக்கிளில் கோழிக்கூட்டைக் கட்டி மேட்டில் தள்ளிக்கொண்டு போனார். அது அவருடைய அப்பாவாம். சைக்கிள் ஓட்டவே தெரியாதாம் அவருக்கு, கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டேதான் போனாராம்.

ஒரு படத்தில் இருட்டுக்குள் யானைகள். முன்னால் ஆட்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எங்க தோட்டத்துலயும் தட்டுவோம்," என்றேன். "யானைக்கு இல்ல, காட்டுப் பன்னிக்கு. மரவள்ளிக்கெழங்க நோண்டித் தின்னுட்டுப் போயிரும்."

"மஞ்ஞொக்காவா?" அவருக்கு அந்தச் சிங்களச் சொல் தெரிந்திருந்தது. "உங்க வீட்டுலயும் மஞ்ஞொக்காவா?"

"காலையிலயும் அதான், ராத்திரியும் அதான்."

"எங்க வீட்டுல மத்தியானமும்!"

இரண்டு பேரும் சிரித்தோம். தோட்டத்துத் தமிழச்சி ஒருத்தியும் ஆப்பிரிக்காக்காரர் ஒருவரும் அரைகுறைச் சிங்களத்தில் கிழங்கைப் பற்றிப் பேசிச் சிரிப்பதை முதலாளி கண்ணாடி வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் ஹமீசி பெரிய பலகை வேண்டும் என்றார். மூன்றடிக்கு இரண்டடி. முதலாளி துண்டு கொடுக்காமல் புதுப் பலகையிலேயே வெட்டிக் கொடுத்தார். அந்தப் படம் முடிய நாலைந்து மாதம் ஆனது. நடுவில் ஒரு தடவை எங்களுக்குக் காட்டக் கொண்டு வந்தார். செம்மண். குடை மாதிரி விரிந்த ஒரு கஜு மரம், முந்திரி. மரத்தடியில் பாய். பாயில் ஒரு பெண் உட்கார்ந்து சுட்ட கஜுக் கொட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தாள். கட்டியிருந்த துணியில் மஞ்சள் பூக்கள். விரல்கள் கரிக்கட்டை மாதிரிக் கறுத்திருந்தன. கஜுக் கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் அப்படித்தான் வெந்து கறுக்கும், மாதக்கணக்கில் போகாது என்று சொன்னார். ஒவ்வொரு விரலையும் அத்தனை நுணுக்கமாக வரைந்திருந்தார். ஆனால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற அண்டர்கோட் மட்டும் முட்டை வடிவில் வெறுமனே இருந்தது.

"இது யாரு?" என்றார் முதலாளி.

"அம்மா. எனக்கு ஒம்பது வயசுல செத்துட்டாங்க. போட்டோ ஒண்ணும் இல்ல. எங்க ஊர்ல அப்ப யாரு போட்டோ எடுத்தா?" அவர் படத்தில் இருந்த விரல்களைத் தொட்டுக் காட்டினார். "கை ஞாபகம் இருக்கு. எனக்குச் சோறு குடுத்த கை. அடிச்ச கை. மொகம் வரமாட்டேங்குது."

முதலாளி குனிந்து அந்த விரல்களைப் பார்த்தார். அந்தப் படத்தை அவர் கவிழ்க்கவில்லை. தேவையில்லை என்றாலும், அதன் மேல் ஒரு டிஷ்யூத் தாளை விரித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு ஒரு கிழமை, ஏழெட்டு நாள், ஹமீசியைக் காணவில்லை. நான் தோட்டத்துக்குத் திருவிழாவுக்குப் போயிருந்த நாளில் அவர் வந்து, முகம் முடிந்துவிட்டது, விசா முடிகிறது, இரண்டு கிழமையில் ஊருக்குப் போகிறேன், சட்டம் போட்டுத் தாருங்கள் என்று படத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வந்தபோது படம் பின்னறை மேசையில் டிஷ்யூத் தாள் மூடிக் கிடந்தது. சட்டத்தை மட்டும் செய்து பசை காய வைத்திருந்தோம். நான் தாளைத் தூக்கிப் பார்க்கவில்லை. முடித்துக் கொடுக்கிற அன்றைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமைதான் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் ஒலிபெருக்கி கட்டிய வேன் வந்து, கங்கை ஏறுகிறது, சாமான்களை மேலே தூக்குங்கள் என்று சொல்லிப் போனது. எங்களுக்கு அது புதிதில்லை. கடையில் அதற்கு ஒரு முறை இருந்தது: முதலில் வாடிக்கையாளரின் படங்கள், பிறகு கண்ணாடி, கடைசியில் மரம். முதலாளியின் ஊரிலிருந்து கடைக்கு வரும் ரோடு ஏற்கெனவே தண்ணீருக்குள், அவரால் வர முடியவில்லை. நான் தனியாகத்தான் ஏணியில் ஏறி இறங்கினேன். கல்யாணப் படம், பிக்குகளுக்குத் தானம் கொடுத்த படம், பட்டமளிப்புப் படம், எல்லாவற்றையும் பரணில் ஏற்றினேன். முதலாளியின் கொப்பியையும் பொலிதீனில் சுற்றி மேலே வைத்தேன். ஹமீசியின் படம் பெரியது. அதைத் தனியாக ஏணியில் தூக்கினால் மூலை இடிபடும். மேசை இடுப்பளவு உயரம். அதுவரைக்கும் எந்த வெள்ளமும் மேசையைத் தொட்டதில்லை. அதை அங்கேயே விட்டேன்.

மத்தியானம் தண்ணீர் நெஞ்சளவு வந்தது. பின்பக்கச் சுவரேறி அடுத்த வீட்டு மாடிக்குப் போய்த்தான் தப்பினேன்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்து கடையைத் திறந்தபோது கணுக்கால் வரை சேறு. மேசை மிதந்து போய் மூலையில் சாய்ந்து நின்றது. அதன் மேலேயே படம் கிடந்தது, மேலே பார்த்தபடி, ஒரு விரல் கனத்துக்குச் சேறு பூசிக்கொண்டு.

ஹமீசி அன்று மாலை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். முதலாளி இன்னும் வந்து சேரவில்லை. அவர் பார்க்கும் முன்னால், ஹமீசி பார்க்கும் முன்னால், அந்தப் படத்தைச் சுத்தமாக்கிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். என் தப்பை என் கையாலேயே அழித்துவிட வேண்டும் என்கிற அவசரம் அது.

கிணற்றுத் தண்ணீர் கொண்டு வந்தேன். முதலில் சேற்றை அப்படியே தண்ணீர் ஊற்றி வழிய விட்டேன். பிறகு பஞ்சை நனைத்து, பிழிந்து, ஓரத்திலிருந்து உள்ளே, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். வானம் வந்தது. மரத்தின் இலைகள் பளபளவென்று வந்தன. எனாமல் பெயிண்ட் ஒன்றும் ஆகவில்லை. செம்மண், பாய், மஞ்சள் பூ. கறுத்த விரல்கள் பத்தும் அப்படியே இருந்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூடியிருந்த டிஷ்யூத் தாளில் மிச்சம் முகத்தின் மேல் மட்டும் ஒட்டிக்கிடந்தது. அதை மெதுவாக உரித்தேன். கீழே மெல்லிய பழுப்பாகச் சேறு. நெற்றியில் பஞ்சை வைத்து இழுத்தேன். பஞ்சில் பழுப்பு. மறுபடி இழுத்தேன். ஒரு கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரிந்தன. நல்ல கண். மூன்றாம் தடவை இழுத்தபோது அந்தக் கண் பஞ்சோடு வந்துவிட்டது.

பஞ்சில் இருந்தது சேறு இல்லை.

எனக்கு அப்போதுதான் கொப்பி ஞாபகம் வந்தது. ஏணியில் ஏறி எடுத்துப் பார்த்தேன். முதலாளியின் பென்சில் எழுத்து துளிகூடக் கலையாமல் இருந்தது. "ஹமீசி மஹத்தயாவின் தாயார். ஹார்ட்போர்ட். எனாமல். முகம் மட்டும் பள்ளிக்கூட வாட்டர்கலர். ஈரம் படக் கூடாது. கண்ணாடி கட்டாயம் போட வேண்டும்."

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முதலாளி வந்தார். என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என் மடியில் திறந்து கிடந்த கொப்பியைப் பார்த்தார். அவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல முதலாளி."

கொண்டு வந்த சோற்றுப் பொதியைப் பிரித்துப் பாதியை எனக்குத் தள்ளினார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்து, படத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னார்.

"ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கெடந்த வாட்டர்கலர். நீ தொடாட்டியும் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். இனி அது யாருக்கும் தெரியாது. கங்கை கொண்டு போயிருச்சுன்னு சொன்னாலும் பொய்யின்னு ஒரு ஆளும் சொல்ல முடியாது." என் மடியிலிருந்த கொப்பியை எடுத்து மூடினார். "நீ என்ன சொல்றியோ, நானும் அதையே சொல்றேன்."

அவர் என்னைச் சோதிக்கவில்லை. உண்மையாகவே சொன்னார். அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது. சாயங்காலம் வரைக்கும் சேறு அள்ளினோம். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு தடவை, கங்கைதான் கொண்டு போனது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஹமீசி வந்தார். கால்சட்டையை முட்டி வரை மடித்திருந்தார். வாசலிலேயே முதலாளி தொடங்கினார்: "ஹமீசி மஹத்தயா, எங்களால ஒரு தப்பு..."

"எங்களால இல்ல," என்றேன். "நான்தான். படத்த மேல தூக்காம விட்டதும் நான்தான். கொப்பியப் பாக்காம தொடச்சதும் நான்தான். மொகம் இருந்துச்சு. என் கையாலதான் போச்சு."

அவர் படத்தை இரண்டு ஓரத்திலும் பிடித்துத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். ரொம்ப நேரம் பார்த்தார். முதுகு எங்கள் பக்கம் இருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

"மொகம் இருந்துச்சுன்னு சொன்னீங்களே," என்றார் திரும்பாமலேயே. "பாத்தீங்களா?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல. ஒரு கண்ணு. மூக்கு."

"எப்படி இருந்தாங்க?"

கண்டதைச் சொன்னேன். "உங்கள மாதிரி இருந்தாங்க."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பியபோது பார்த்தால் சிரிக்கிறார். கண்ணிலும் தண்ணீர்தான்.

"நானேதான் அது," என்றார். "எவ்வளவு யோசிச்சும் மொகம் வரல. ஊர்ல எல்லாரும் நீ அம்மா மாதிரியே இருக்கேன்னு சொல்லுவாங்க. அதனால கண்ணாடியப் பாத்து, அழிச்சு அழிச்சு வரையலாம்னு வாட்டர்கலர்ல வரஞ்சேன். மீசைய எடுத்துட்டேன். சுருக்கத்த எடுத்துட்டேன். அம்மா செத்தப்ப முப்பது வயசுதானே. அந்தக் கண்ணாடி என் ரூம்ல இருக்கு, மொகம் எங்கயும் போகல."

பிறகு என் பக்கத்தில் வந்து, "போலே, போலே," என்றார். அவர்கள் மொழியாம். அவர் ஊரில் ஒருத்தி தண்ணீர்க் குடத்தைக் கீழே போட்டு உடைத்தால், பார்க்கிறவர்கள் எல்லாரும் ஓடி வந்து அவளிடம் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்களாம். உடைத்தவளுக்குத்தான் ஆறுதல் வேண்டும், குடத்துக்கு வேண்டாம் என்றார். அதற்குப் பிறகுதான் நான் அழுதேன்.

அவர் விமானம் ஏற ஐந்து நாள்தான் இருந்தது. ஹார்ட்போர்ட் தண்ணீர் குடித்தால் ஓரம் பிஸ்கட் மாதிரி ஊதிப் பிரியும். அடியோரம் இரண்டங்குலம் அப்படி ஊதியிருந்தது. முதலாளி அதை அளந்து, பாயின் ஓரம் வெட்டுப்படாதபடி பார்த்து, நேராக அறுத்து எடுத்தார். பலகையின் பின்பக்கத்தில் பழைய பேப்பர் அடுக்கி, தட்டையான மேசையில் வைத்து, மேலே சுத்தமான துணியும் கண்ணாடித் தகடுகளும் பாரமாக வைத்தோம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பேப்பர் மாற்றினேன். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும், அவசரப்பட்டால் பெயிண்ட் வெடிக்கும். அந்தத் தடவை நான் எதற்கும் அவசரப்படவில்லை. செய்த சட்டமும் சின்னதாக வேண்டியிருந்தது, நாலு மூலையையும் பிரித்து மறுபடி அறுத்தேன்.

மூன்றாம் நாள் பலகை காய்ந்தது. ஹமீசியின் மாடியறையில் வெளிச்சம் போதாது என்று முதலாளி அவரைக் கடை வாசலிலேயே உட்காரச் சொன்னார். வெள்ளத்தில் தப்பிய ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, கடையில் சேர்ந்த முதல் வருஷம் நான் துடைத்ததைப் போல அவரே பேப்பரால் துடைத்து, சுவரில் சாய்த்து வைத்தார். ஹமீசி இந்தத் தடவை வாட்டர்கலரைத் தொடவில்லை. போர்டு எழுதுகிறவரிடம் மெல்லிய தூரிகை இரவல் வாங்கி எனாமலிலேயே தொடங்கினார்.

பஸார் முழுக்கச் சேறு வழித்துக்கொண்டிருந்த நேரம் அது. வழிக்கிறவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார்கள். முன்பு காதுபடப் பேசிய ஆட்கள்தான். "மூக்கு சரியா இருக்கு மஹத்தயா" என்றார் ஒருவர். "கண்ணு இன்னும் கொஞ்சம் பெருசு" என்றார் இன்னொருவர். எல்லாரும் கண்ணாடியிலிருந்த முகத்தையும் படத்திலிருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். தேநீர்க் கடையிலிருந்து அவருக்குக் கேட்காமலே பிளேன்டீ வந்துகொண்டிருந்தது.

இரண்டு நாளில் முடித்தார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். மரம் அதே மரம், கை அதே கை. முகம் மட்டும் வேறு. கண்ணைச் சுற்றிச் சுருக்கம். வாயோரத்தில் இரண்டு கோடு. காதோரம் கொஞ்சம் நரை.

"அம்மாவுக்கு முப்பது வயசுதான்னீங்களே?" என்றேன்.

"அது அப்ப," என்றார். தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவ சுருக்கத்த எடுக்க மனசு வரல. இருந்திருந்தா வயசாகியிருக்கும்ல. ஆகட்டுமே."

மறுநாள் பெயிண்ட் காய்ந்ததும் முதலாளி சட்டம் அடிப்பதற்காகப் படத்தை வாங்கினார். கவிழ்க்கும் முன்னால், வழக்கமாகச் சொல்வதோடு நிறுத்தாமல், இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டார். ஹமீசியும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். முழுக்க எனாமல் ஆகிவிட்டதால் கண்ணாடி வேண்டாம், பயணத்தில் உடையும் என்று முதலாளியே முடிவு செய்தார். சாக்குத் துணி சுற்றி, நாலு மூலைக்கும் அட்டை வைத்து, கைப்பிடிக்கக் கயிறு கட்டிக் கொடுத்தேன். கொழும்பு பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்போது, "போலே, செல்வி!" என்று கத்தினார். அன்றைக்கு நான் எதையும் உடைத்திருக்கவில்லை, ஆனாலும் அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வருஷம் ஒரு செய்தியும் இல்லை. அடுத்த வருஷம் ரபீக் நானா கடைக்கு வந்தார். கல் வியாபாரத்துக்கு அந்த நாட்டுக்குப் போய் வருகிறவர். ஹமீசி அவரைத் தன் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டாராம்.

"அந்தப் படத்தப் பாத்தேன் முதலாளி. அக்காகாரி வீட்டுலதான் மாட்டியிருக்கு," என்றார்.

நான் கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்தேன். அக்கா என்றால் ஹமீசியை விட மூத்தவள். அம்மாவின் முகம் அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

"அவங்க என்ன சொன்னாங்க நானா?"

"மொத நாளே சொல்லிட்டாங்களாம். இது அம்மா இல்ல, அம்மாவுக்கு மூக்கு இன்னும் சின்னது, அம்மா இப்படி ஒரு எடத்துல உக்காரவும் மாட்டாங்கன்னு. ஹமீசி சரி அக்கா, எடுத்துட்டுப் போறேன்னு கழட்டப் போயிருக்காரு. விடலயாம். இது யாருன்னு தெரியல, ஆனா நம்ம வீட்டு ஆளுதான், இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்களாம்."

நான் திரும்பி முதலாளியைப் பார்த்தேன். அவர் கட்டரைக் கையில் பிடித்தபடி யோசனையில் இருந்தார்.

"எங்க மாட்டியிருக்காங்க?" என்று கேட்டார்.

"வாசக் கதவுக்கு நேரா. உள்ளுக்கு வந்ததும் தெரியிற மாதிரி."

"கதவு எந்தப் பக்கம் பாத்திருக்கு? கெழக்கா? காலையில வெயில் படுமா?"

"அதெல்லாம் நான் பாக்கல முதலாளி."

நானா போன பிறகும் முதலாளிக்கு அது தீரவில்லை. கண்ணாடியை அளந்தார், மறுபடி அளந்தார், வெட்டவில்லை.

"எனாமல்தானே முதலாளி," என்றேன். "வெயில் ஒண்ணும் செய்யாது."

"படத்துக்கு ஒண்ணும் ஆகாது," என்றார். "எனாமல் பளபளக்கும். வெயில் நேரா பட்டா, உள்ளுக்கு வர்றவங்களுக்குக் கண்ணு கூசும். படத்துல இருக்குற அந்த அம்மா மொகம் தெரியாதே."